ஹவில்தார் ஐயாதுரை குழாய்க்குழி வென்ற வரலாறு

வாழ்க ஐயாதுரை! இமயத்துப் பனிப்பாறையில் துப்பாக்கி ஏந்தி நின்ற திண்தோளர். பாலைவனத்து மணற்காற்றிலும் இமை கொட்டாத கூர்விழியர். இருபுறமும் ஒவ்வோர் எலுமிச்சம்பழத்தை நிறுத்தலாம் என்று தெருவார் வியக்கும் முறுக்குமீசைப் பெருமகனார். ஹவில்தாராகப் பணிநிறைவு பெற்று, இராஜபாளையம் மாநகரில் வீடொன்று கட்டி, வாசற்சுவரில் தம் பெயரைப் பட்டத்தோடு பொறித்துக்கொண்ட மானமறவர். சுந்தரபாண்டியத்து மாரிக்கனியின் கணவர். இந்து என்னும் நங்கையைப் பெற்ற தந்தை. அவருடைய மாபெரும் போரைச் சொல்லப் புகுந்தோம். அவையோர் செவி சாய்க்க.

ஆயினும் காப்புச் சொல்லாமல் கதை தொடங்குவது முறையன்று. ஆதலின், வாரத்துக்கொரு முறை வந்தாலும் வருபவளே, வராது போனாலும் ஏனென்று கேட்க முடியாதவளே, நீ வருமுன்னர் ‘புஸ்’ஸென்று காற்றை முன்னே அனுப்பிக் குடங்களை நடுங்கச் செய்பவளே, குடிநீர்த் தாயே! எம் நாவில் வந்து நிற்க. சொல் முடியும்வரையேனும் நின்றுவிடாதிருக்க.

மேற்கே வான்தொடும் மலைத்தொடர். அதன் முடியில் முட்டி மோதும் கருமுகிற்கூட்டம், இந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ மறந்து வைத்தது போலத் திரும்பிப் போய் அந்தப் பக்கத்து மலையாள நாட்டில் கொட்டித் தீர்க்கும் பெருமையுடையது. நூலாலைகளின் சங்கொலி எழுப்பவே எழும் அவ்வூர்க் குடிகள், தண்ணீரை எதிர்கொள்வதில் ஒரு தனிப் போர்க்கலை வளர்த்திருந்தனர். குழாயைத் தரைக்கு மேலே வைத்தால் தண்ணீர் ஏறி வருவதில்லை. ‘சரி, நீ ஏறி வர வேண்டாம் தாயே, நாங்களே இறங்கி வருகிறோம்’ என்று அவரவர் வீட்டு வாசலில் குழி தோண்டி, சிமெண்டு பூசி, அடியிலே குழாயை அமைத்து, மேலே தகரமூடி போட்டு வைத்தனர். எதிர்வீட்டார் ஒரு சாண் ஆழப்படுத்தினால், இவ்வீட்டார் ஒன்றரைச் சாண் ஆழப்படுத்துவர். இவ்வண்ணம் போட்டி முற்றி, ஐயாதுரையார் வீட்டுக் குழி அவருடைய இடுப்பு மறையும் ஆழத்தை எட்டியிருந்தது. அந்தத் தெருவில் அதுவே பெருங்குழி என்பதில் அவருக்கு ஒரு பெருமிதமும் உண்டு.

இருளும் ஈரமும் குளிர்ச்சியும் பொருந்திய அந்தக் குழியைத் தோண்டும்போது, அதை யாருக்கு அரண்மனையாகக் கட்டுகிறோம் என்று அவர் ஒரு கணமும் எண்ணிப் பார்க்கவில்லை.

போர் மூண்ட நாள் எளிய நாளன்று. இந்துவுக்கு நிச்சயதார்த்தம். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து சம்பந்தி பாண்டிச்செல்வனார், ஓய்வுபெற்ற காவல்துறை ஆய்வாளர், தம் சுற்றம் சூழக் காலையிலேயே கிளம்பி வருகிறார் என்று செல்பேசித் தூது வந்துவிட்டது. முந்தைய நாளெல்லாம் பாத்திரம் கழுவியும் வீடு கழுவியும் தரைத்தொட்டியில் அடிமண் தெரிந்தது. அன்றைக்கே தெருவுக்குத் தண்ணீர் முறை. பிடித்தால் உண்டு, தவறினால் அடுத்த முறை வரைக்கும் வாய் நனைக்க வழியில்லை. பெண் வீட்டில் கை கழுவத் தண்ணீர் இல்லை என்று மடவார் வளாகம் முழுக்கப் பேசினால், இந்துவின் முகம் எங்கே போகும்? பட்டாளம் பெரிதா போலீஸ் பெரிதா என்று சம்பந்திகள் இருவருக்கும் இடையே முதற் சந்திப்பிலிருந்தே நடக்கும் மௌனப் போரில் பட்டாளத்தின் கொடி எங்கே பறக்கும்?

ஆகவே, விடியல் வெளுத்ததும், அடுக்களையில் கேசரி கிளறிக்கொண்டிருந்த மாரிக்கனி உள்ளிருந்தவாறே ஆணையிட்டாள்:

“என்னங்க, தண்ணி வார நேரமாச்சு. எனக்கு மூட்டு வலி, குழிக்குள்ள எறங்க ஏலாது. நீங்க எறங்கி ட்யூப மாட்டித் தயாரா இருங்க!”

புறப்பட்டார் பெருமகனார். தகரமூடியை அகற்றிக் குழிக்குள் இறங்கினார். டார்ச்சு விளக்கின் ஒளிக்கற்றையைக் கீழே பாய்ச்சினார். பாய்ச்சிய கை பாய்ச்சியபடியே நின்றது.

குழாயின் திருகுக் குமிழின் மேல், அரியணையில் அமர்ந்த அரசனைப் போல, முன்னங்கால்களை மடித்து மார்பின்கீழ் அடக்கி, பழுப்பு மேனியில் கரும்புள்ளி துலங்க, பொன்வளையமிட்ட விழிகளை அரைக்கண்ணாய்த் திறந்து வைத்துக்கொண்டு, தொண்டை மட்டும் துடிதுடிக்க வீற்றிருந்தது ஒரு தேரை.

அதன் குலப்பெருமையை யாரால் சொல்லி முடிக்க இயலும்! மீனினம் நீரைவிட்டு வெளியேறத் துணியாத ஆதிக்காலத்தில், முதன்முதல் சேற்றிலே காலூன்றிக் கரையேறிய மூத்தோர் வழிவந்த மரபு அது. முட்டையிலிருந்து வாலோடும் செவுளோடும் பிறந்து, நீருக்குள் மீன்போல் திரிந்து, பின்னர் கால் முளைத்து, வாலை உள்வாங்கி, நுரையீரல் பூண்டு நிலத்தை ஆளப் புறப்படும் இருவாழ்விக் குலம். ஒரே ஆயுளில் இரண்டு நாட்டுக் குடியுரிமை பெற்ற ஒரே குலம். அக்குலத்தில் அரசகிளைகள் மூன்று. வால் துறக்காத சாலமாண்டர்கள் தொலைதூரத்துக் குளிர்நாடுகளை ஆள்கின்றன. காலே வேண்டாமென்று மண்ணுக்குள் புகுந்து மண்புழு போல வாழும் கிளையார், இதோ இந்த மேற்கு மலைச்சாரலின் ஈரமண்ணில் யார் கண்ணிலும் படாமல் மறைந்திருக்கின்றனர். மூன்றாம் கிளையாம் வாலிலிகளே தவளையும் தேரையும். செதிலில்லை, மயிரில்லை, இறகில்லை. கவசமென ஒன்றும் அணியாது வெற்றுடம்போடு போர்க்களம் வரும் துணிவு அவற்றுக்கே உரியது. குழியில் இருந்ததோ அவற்றினுள்ளும் மேலான மரந்தாவும் வகை. விரல்நுனி தோறும் வட்டத்தட்டு பூண்டது. கண்ணாடியிலும் செங்குத்தாய் நிற்கவல்லது. ஒட்டினால் விடாது.

இவ்வளவையும் ஐயாதுரையார் அறியார். அவர் அறிந்தது ஒன்றுதான். இதைப் பட்டாளத்துத் தோழரிடமும் அவர் சொன்னதில்லை, கட்டிய மனைவியிடமும் சொன்னதில்லை, நாம் சொல்கிறோம்.

சிறுபிள்ளையாய் இருக்கையில் அவர் விறகுக்குச்சி போல் மெலிந்திருந்தார். தொட்டிலில் கிடந்தபோது மேலே தேரை பாய்ந்துவிட்டது, இனி இந்தப் பிள்ளை தேறாது என்று தெருப்பெண்டிர் தீர்ப்பு எழுதிவிட்டனர். மந்திரித்தும் பார்த்தனர், தாயத்து கட்டியும் பார்த்தனர், சதை பிடிக்கவில்லை. பள்ளியில் அவருக்குப் பெயர் ஐயாதுரை அன்று, தேரை. பட்டாளத்துக்கு ஆளெடுத்த மைதானத்தில் எடை குறையாதிருக்க, ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் வயிறு முட்டத் தண்ணீரையும் உண்டுவிட்டுத் தராசில் ஏறி நின்றபோது, அவர் உள்ளத்தில் இருந்தது நாட்டுப்பற்று மட்டுமன்று. அந்தப் பெயரைவிட்டுத் தூரமாய் ஓடிவிட வேண்டும் என்ற வெறியும்தான். ஓடினார். உடம்பு ஏறியது. மீசை ஏறியது. தொந்தியும் ஏறியது. ஆனால் இன்னொரு முறை தேரை மேலே பாய்ந்தால் இந்த உடம்பெல்லாம் கரைந்து, பழைய குச்சிப்பயல் மறுபடி வெளியே வந்துவிடுவான் என்ற அச்சம் மட்டும் உள்ளே ஓர் ஓரத்தில் ஓய்வுபெறாமல் பணியில் இருந்தது.

குழிக்குள் இப்போது இருவர். ஒருவர் நடுங்கிக்கொண்டிருந்தார். மற்றவர் தேரை.

மானமறவர் ஓடவில்லை. அரசநீதி வகுத்த உபாயங்களை முறைப்படி தொடங்கினார். முதற்கண் சாமம். “போ ராசா, போ. அங்கிட்டுப் போ” என்று குரலைத் தேனில் தோய்த்து வேண்டினார். பிறகு, எதிரி வடநாட்டுப் படையில் பயின்றதோ என்னவோ என்று கருதி, “பீச்சே முட்!” என்று அணிவகுப்பு மைதானம் அதிர்வது போன்ற ஆணையை மெல்லிய குரலில் வழங்கினார். பகைவன் பின்திரும்பவில்லை. அடுத்தது தானம். மகளுக்கு நிச்சயம் செய்யும் நாளில் ஈகைக்குக் குறைவில்லை. சூடான கேசரியில் ஒரு துளியைத் துடைப்பக்குச்சியின் நுனியில் ஏந்தி நீட்டினார். அசையாததை உண்பது தன் குலவழக்கம் அன்று என்று தேரை கண்ணைக்கூடத் திருப்பவில்லை, முந்திரிப்பருப்பு வீணாயிற்று. பேதம் செய்யலாமென்றால், எதிரிப்படையில் பிரித்துவைக்க இரண்டாம் ஆள் இல்லை.

எஞ்சியது தண்டம். மேலேறி வந்து போர்க்கோலம் பூண்டார். மோட்டார்சைக்கிளின் தலைக்கவசம் தலையில் ஏறிற்று. மழைச்சட்டை மார்பைக் காத்தது. வலக்கையில் துண்டைச் சுற்றிச் சுற்றிக் கைக்கவசமாக்கினார். இடக்கையில் விளக்குமாறு வேலாயிற்று. மழைத்துளி கண்டு மாதங்களான அந்த வீதியில், மழைச்சட்டையும் தலைக்கவசமும் அணிந்து குழிக்குள் இறங்கும் வீரரை, எதிர்வீட்டு மாடியில் பல்துலக்கிக்கொண்டிருந்த தங்கபாய் டீச்சர் கண்டார்; குமிழ்மேல் வீற்றிருந்ததையும் கண்டார்.

தங்கபாய் டீச்சர் எளியவர் அல்லர். அரசுப் பள்ளியில் விலங்கியல் கற்பித்து, இருவாழ்விகள் என்னும் பாடத்தை ஆண்டுதோறும் கரும்பலகையில் வண்ணச்சுண்ணத்தால் வரைந்து, தலைமுறைகளைத் தேர்ச்சி பெறச் செய்தவர். நுரை வழியும் வாயோடு அவர் மாடியினின்று முழங்கினார்:

“ஹவில்தார் சார்! தேரையா? உப்ப கிப்பப் போட்டுராதிய! அது தோலாலயும் மூச்சு விடுத ஜீவன், துடிச்சுச் செத்துப்போவும்!”

உப்பென்னும் நச்சுப்படையை எடுக்கும் எண்ணம் நம் வீரருக்கு இருந்ததில்லை. போர்நெறி அறிந்தவர் அவர். ஆனால் அந்த முழக்கத்தால் வேறொரு தீங்கு விளைந்தது. ஹவில்தார் வீட்டுக் குழியில் தேரை என்ற செய்தி தெருவுக்கே எட்டிவிட்டது. வாசல்தோறும் தலைகள் முளைத்தன. இனிப் பின்வாங்கவும் வழியில்லை.

அந்நேரம் கேட்டது அந்த ஒலி.

‘புஸ்ஸ்ஸ்...’

அடுத்த வீட்டுக் குழாயில் காற்று சீறிற்று. அதற்கடுத்த வீட்டில் குடம் உருண்டது. அந்த வரிசை முழுதும் ‘தண்ணி! தண்ணி!’ என்னும் பேராரவாரம் எழுந்தது. அடுக்களையிலிருந்து மாரிக்கனியின் குரல் பறை போல் அதிர்ந்தது: “தண்ணி வந்துட்டு! கொழாயத் தொறங்க! சம்பந்தி வீட்டாளுவ பாதி வழி தாண்டிட்டாவளாம்!”

ஐயாதுரையார் தலைக்கவசத்துக்குள் வியர்த்தார். கண்முன் இந்துவின் முகம் வந்தது. பட்டுடுத்தி, பூச்சூடி, தண்ணீரில்லாத வீட்டில் நாணி நிற்கும் முகம். அவ்வளவுதான். துண்டு சுற்றிய கையை முன்னே நீட்டினார். கண்களை இறுக மூடிக்கொண்டார். குலதெய்வத்தை நினைத்தாரா, பட்டாளத்துக் கொடியை நினைத்தாரா என்பதை நாம் அறியோம். உதடு மட்டும் அசைந்தது.

துண்டு குமிழைத் தொட்டது. தேரை எழுந்தது.

அந்தப் பாய்ச்சலை என்னென்போம்! மடித்த பின்கால் இரண்டும் விற்போல் விரிந்து, ஈரமேனி, குழி விளிம்பில் வைத்திருந்த டார்ச்சின் ஒளியில் ஒருமுறை மின்னி, குழியின் இருட்டை ஊடறுத்து மேலெழுந்து, ஹவில்தார் ஐயாதுரையின் இடத்தோளில், கழுத்தை ஒட்டி, தலைக்கவசத்துக்கும் மழைச்சட்டைக்கும் நடுவே காவலற்றுக் கிடந்த அந்த ஒரே ஓர் இடத்தில், ‘சொத்’தென்று வந்து பதிந்தது. விரல்நுனித் தட்டுகள் ஒவ்வொன்றாய் ஒட்டின. குளிர்ந்தது.

வீரர் அலறவில்லை. அலறக் குரல் வரவில்லை. விழுந்துவிடாமலிருக்கக் கைக்குக் கிட்டியதைப் பற்றிச் சுழற்றினார்; கிட்டியது திருகுக் குமிழாயிருந்தது. குழாய் திறந்து தண்ணீர் கொட்டிற்று.

மாரிக்கனி ஓடிவந்தாள். மூட்டுவலி வழியிலேயே எங்கோ தங்கிவிட்டது. சுந்தரபாண்டியத்து வயற்காட்டில் நாற்றுநடும்போது காலைச் சுற்றித் துள்ளும் தவளைகளோடு வளர்ந்தவள் அவள். ஒரு விரலால் சுண்டிவிட்டிருப்பாள். ஆனால் அவள் தேரையை முதலில் பார்க்கவில்லை. கணவரின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் மீசை மட்டுமே மீசையாக இருந்தது. மற்றதெல்லாம் தொட்டிற்பிள்ளையாக இருந்தது. இத்தனை ஆண்டு குடும்பம் நடத்தியும் தனக்குத் தெரியாதிருந்த ஒன்று, அந்த ஒரு நொடியில் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. சிரிப்பும் வந்தது, நெஞ்சும் இளகிற்று. இரண்டையும் அடக்கிக்கொண்டு திறந்து கிடந்த தரைத்தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். உடனே போர்த்தலைவியாய் முடிவெடுத்தாள்.

“அசையாதிய! அது அங்கனயே இருக்கட்டும். இப்ப வெரட்டுனா நேரா தொட்டிக்குள்ள விழுந்து குடிதண்ணியக் கெடுத்துரும். தண்ணி நெறையுத மட்டும் செத்த நேரம் அப்படியே நில்லுங்க!”

நின்றார். வேறென்ன செய்ய அவரால் இயலும்? தேரையும் பகலில் உறங்கும் தன் குலவழக்கத்தை அனுசரித்து, கழுத்துச் சூட்டில் கண்ணயர்ந்தது. மாரிக்கனி ட்யூபை மாட்டினாள்; குடங்களை நிறைத்தாள்; இடையில் ஒருமுறை திரும்பியபோது, கணவரின் இடக்கை கிடுகிடுவென நடுங்குவதைக் கண்டு, விளக்குமாற்றை வாங்கிக்கொண்டு ஒரு காலி வாளியை அந்தக் கையில் மாட்டிவிட்டாள். வெறுங்கை நடுங்கினால் ஊருக்குத் தெரியும்; வாளி ஆடினால் வாளிதான் ஆடுகிறது. தலைக்கவசத்தையும் மெல்லக் கழற்றிவிட்டாள், மாப்பிள்ளை வீட்டார் கண்ணுக்கு மீசையாவது தெரியட்டும் என்று.

சம்பந்தியின் வாகனம் வந்து நின்றது அப்போதுதான். பால்கோவாத் தட்டும் பூத்தட்டும் பழத்தட்டும் ஏந்திய மகளிர் இறங்க, முன்னே இறங்கிய பாண்டிச்செல்வனார் கண்ட காட்சி இது: தரைக்கு மேலே இடுப்புக்கு மேற்பட்ட உடம்பு மட்டும் தெரிய, முச்சந்திச் சிலை ஒன்றைப் போல நிமிர்ந்த தலையும் நேர்கொண்ட பார்வையும் இறுகிய தாடையுமாக ஹவில்தார் ஐயாதுரை நிற்கிறார், அவர் தோளில், பதக்கத்துக்குப் பதிலாக, ஒரு தேரை உறங்குகிறது. தெருவே திரண்டு வாய்பிளந்து பார்க்கிறது.

எத்தனையோ ரவுடிகளைக் கண்ட காவல் பெருந்தகையின் கால், தானாகவே இரண்டடி பின்வாங்கிக் காரின் கதவில் முட்டிற்று. பால்கோவாத் தட்டை முன்னே கேடயமாகப் பிடித்துக்கொண்டு அவர் பறைசாற்றினார்:

“சம்பந்தி! நான் அம்புட்டுப் பேரைப் பாத்திருக்கேன், இப்பிடி ஒரு நெஞ்சழுத்தத்த எங்க டிப்பார்ட்மெண்டுலயே பாத்ததில்ல. எனக்குப் பல்லியக் கண்டாலே ஆவாது. பட்டாளம் பட்டாளந்தான், ஒத்துக்கிடுதேன்!”

“அவியளுக்கு இதெல்லாம் பழக்கம்” என்றாள் மாரிக்கனி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். “பார்டர்ல பாம்பையே கழுத்துல போட்டுக்கிட்டு நின்னவிய.”

சன்னலுக்குப் பின்னால் நின்ற இந்து சிரித்தாள். சிலை அசையவில்லை. ஆனால் அதன் உள்ளே ஏதோ அசைந்தது. ஆயுளெல்லாம் எதற்கு அஞ்சி ஓடினாரோ அது கழுத்தின்மேல் நடந்துவிட்டது. நடந்தும் உடம்பு கரையவில்லை. மழைச்சட்டை தொந்தியின்மேல் முன்போலவே இறுக்கமாய் இருந்தது. வேட்டி நழுவவில்லை. குளிர்ந்த அந்தச் சிறுவயிறு கழுத்தோரம் ஏறி இறங்குவதை மட்டும் அவர் உணர்ந்தார். தேரை என்று தம்மை அழைத்த பயல்களெல்லாம் நினைவுக்கு வந்தனர்; யார் மேலும் கோபம் வரவில்லை. கண் கலங்கிற்று. கலங்கியதை, குழாய்த்தண்ணீர் தெறித்தது என்று தெருவார் எடுத்துக்கொண்டனர்.

தொட்டி நிறைந்தது. குழாய் நின்றது. தேரை விழித்து, ஒருமுறை கொட்டாவிபோல் வாய்திறந்து மூடி, தோளிலிருந்து குழிச்சுவருக்குத் தாவி, இருட்டுக்குள் போயிற்று. வெற்றி தோல்வி பற்றி அதற்கு ஒரு கருத்தும் இருந்ததாகத் தெரியவில்லை.

மேலேறினார் பெருமகனார். என்னே அந்த எழுச்சி! வாசலெங்கும் வாழ்த்தொலி, பால்கோவா வாயில் ஊட்டப்பட்டது, சம்பந்தியார் தழுவ வந்து, எந்தத் தோள் என்று கேட்டுக்கொண்டு மற்றத் தோளைத் தழுவினார். வலப்புற மீசையை வலக்கையாலும் இடப்புற மீசையை இடக்கையாலும் முறுக்கி, இனி இவ்வுலகில் ஊர்வன தாவுவன யாவற்றுக்கும் தாம் அஞ்சப்போவதில்லை என்னும் தோரணையில், இராஜபாளையத்து வீதியை ஒருமுறை கிழக்கும் மேற்குமாய் நோக்கினார் இருவாழ்வி வென்ற ஏந்தல், குழாய்க்குழி கொண்டான், தேரைதாங்கிய திருத்தோளர், ஹவில்தார் ஐயாதுரை. அந்த வேளையில், எதிர்வரிசைக்கு வால்வு திறக்கும் நேரம் நெருங்குவதால் பற்பசை நுரையை அரைகுறையாய்த் துடைத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்த தங்கபாய் டீச்சர், கூட்டத்தை விலக்கி, கைகூப்பி நின்று விண்ணப்பித்தார்:

“ஹவில்தார் சார், செத்த நேரம் நம்ம வீட்டு வரைக்கும் வந்துட்டுப் போங்க. நான் பாடம் நடத்துனதோட சரி, ஒரு நாளும் தொட்டதில்ல.”

டீச்சர் வீட்டுக் குழியில் இரண்டு கிடந்தன.